உள்ளே இருந்த சிவப்பு மருந்து

பால்காரர் கண்ணெதிரே கறந்தாலும் சொம்பைக் கவிழ்த்துப் பார்க்கிறவள் நான். அப்படிப்பட்டவளுக்கு இனாம் மருந்தில் எப்படி நம்பிக்கை வரும்?

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். வானகரத்தில் என் வீட்டுக்காரர் மாட்டு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு ஐப்பசியில் அவருக்கு முறைக்காய்ச்சல் வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் பல் கிட்டிக்கொள்ளும்படி நடுங்குவார். வண்டி ஓடாததுகூடப் பெரிதில்லை. அவர் போய்விட்டால் கைக்குழந்தையோடு எங்கே நிற்பேன் என்ற பயம்தான் என்னை ஆட்டியது.

கரையான்சாவடிப் பக்கம் ஒரு மண்டிக்காரர் புண்ணியத்துக்கு நடத்திய தர்ம ஆஸ்பத்திரி இருந்தது. மருந்து இனாம், புட்டி மட்டும் நம்முடையது. கழுவிய எண்ணெய்ப் புட்டியோடு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற காய்ச்சல்காரர்கள் அத்தனை பேருக்கும் கம்பவுண்டர் ஒரே ஜாடியிலிருந்து ஊற்றினார். வேளைக்கு இவ்வளவு என்று காகிதத்தை வெட்டிப் புட்டியில் ஒட்டினார். அந்தச் சடங்கெல்லாம் சரிதான்.

"இன்னாய்யா, தண்ணி மாதிரி கீது?" என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "தர்ம மருந்து இப்டித்தாம்மா. வேற மருந்து உள்ள கீது. எட்டணா ஆவும்."

இனாம் மருந்தை ஒரு வாய்கூட வீட்டுக்காரருக்குக் கொடுக்காமல் கொல்லை வாழைக்கு ஊற்றினேன். முட்டையிடும் கோழியை விற்றேன். உள்ளேயிருந்து வந்த மருந்து மாதுளம்பூ நிறத்தில் இருந்தது. பார்த்ததுமே மனசுக்குத் தெம்பு. மூன்று புட்டி, மூன்று கோழி. காய்ச்சல் விட்டது, அவர் மறுபடி வண்டி பூட்டினார்.

கம்பவுண்டருக்குக் கொடுக்க அதே வாழையிலிருந்து ஒரு சீப்புப் பழம் எடுத்துக்கொண்டு ஒருநாள் காலையில் போனேன். உள்கதவு திறந்திருந்தது. அதே இனாம் ஜாடியிலிருந்து ஒரு புட்டியில் ஊற்றி, மிட்டாய்க்குப் போடுகிற சிவப்புப் பொடியில் ஒரு சிட்டிகை சேர்த்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். பழத்தைக் கொடுக்காமல் திரும்பி, வழி நெடுக வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வந்தேன்.

மாதம் திரும்புவதற்குள் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. மறுபடி அதே வரிசை. இரண்டும் ஒரே மருந்து, கண்ணால் பார்த்தவள் நான். இனாமே போதும் என்றுதான் போனேன். ஆனால் தோளில் பிள்ளை நெருப்பாய்க் கொதித்தது. அன்றைக்கு மட்டும் உள் மருந்து தீர்ந்துபோய் அப்படிக் கலந்தாரோ? அந்தப் பொடியிலேயே ஏதாவது இருக்குமோ? கடைசியில் என் கண்ணையே சந்தேகப்பட்டேன்.

"தர்மமா, உள்ள கீறதாம்மா?" என்றார் கம்பவுண்டர்.

மிஞ்சியிருந்த ஒரே கோழியை விற்ற எட்டணாவை அவர் முன்னால் வைத்தேன்.

"உள்ள கீறதே குடுய்யா. செகப்ப மட்டும் கொறைச்சுப் போட்டுடாதே."