திரை ஏறாத ஒரு காலை

முதலில் திரை, அப்புறம்தான் டீ. குளியலறைக்குக்கூட அதற்கப்புறம்தான். நோரீன் ஆட்கின் சமையலறை ஜன்னல் முன்னால் போய் நின்று, சுருள்திரையைக் கீழே ஒரு சின்ன இழுப்பு இழுத்து, கையை விடாமல் கூடவே மேலே கொண்டுபோவார். பாதியில் கையை விட்டால் அது சடசடவென்று சுருண்டு உச்சியில் போய் அடித்துக்கொள்ளும். வரும் விருந்தாளிகள் எல்லோரும் அப்படித்தான் அடிக்க விடுகிறார்கள். அதற்காகவே அவர் விருந்தாளிகளைத் திரைப்பக்கம் அண்ட விடுவதில்லை.

திரை ஏறியதும் மூலை வீட்டு ஜன்னலைப் பார்ப்பார். அங்கே தொண்ணூறைத் தாண்டிய வால்டர் நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். டீக் குவளையை ஒரு தடவை உயர்த்திக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார். நோரீனும் கையை உயர்த்துவார். இத்துடன் அன்றைக்கு இரண்டு பேர் உயிரோடு இருப்பது உறுதியாகிவிடுகிறது.

லார்க்ஸ்பர் பார்க் என்ற இந்தக் குடியிருப்பில் இதை யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானிக்கவில்லை. ஐம்பது வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இங்கே இடமில்லை. பாதிக்கு மேல் தனி ஆட்கள். காலைச் சாப்பாட்டு நேரத்துக்குள் சமையலறைத் திரை ஏறவேண்டும், ஏறாவிட்டால் யாராவது வந்து கதவைத் தட்டவேண்டும். வடகடல் காற்று வீசுவதைப் போல அதுவும் தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறது.

நோரீன் கிரிம்ஸ்பி துறைமுகத்தில் மீன் அறுத்து ஓய்வு பெற்றவர். ஐஸில் ஊறி ஊறி அவர் விரல்களுக்குக் குளிர் தெரியாது. பக்கத்து மேசைக்காரிகளோடு இயந்திர இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகியதால் குரலுக்கும் அளவு தெரியாது. வெள்ளிக்கிழமை வறுத்த மீன் வண்டி வந்தால், இவர் வரிசையில் நிற்பதைப் பார்த்ததும் வண்டிக்காரர் தானாகவே நல்ல துண்டாகப் பொறுக்க ஆரம்பித்துவிடுவார்.

கணவர் ரான் போனதும் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்த வீடுகளில் ஒன்றான தங்கள் பழைய வீட்டை விற்றுவிட்டு, எல்லோரும் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல இந்த வீட்டை வாங்கினார். தொழிற்சாலையில் செய்து லாரியில் கொண்டுவந்து இறக்கும் ஒற்றைத்தள வீடு. அடியில் சக்கரங்கள் இன்னும் இருக்கின்றன. அவை தெரியாமலிருக்கச் சுற்றிலும் செங்கல் மறைப்பு. அதை இங்கே பாவாடை என்றே சொல்கிறார்கள். மருமகன் ஒருமுறை தெரியாத்தனமாக "கேரவன்" என்று சொல்லிவிட்டான்.

"கேரவனா? கார் பின்னாடி கட்டி இழுத்துட்டுப் போறதுக்குப் பேரு கேரவன். இது வீடு. என் வீடு. இன்னொரு வாட்டி அந்த வார்த்த வந்துச்சு, உனக்கு டீ வெளியிலதான்."

வாசல் கதவுக்கு மஞ்சள் அடித்திருக்கிறார். பார்த்தால் கண் கூசும் மஞ்சள். ரானுக்குப் பழுப்பு பிடிக்கும், அவர் அம்மாவுக்கும் பழுப்பு பிடிக்கும். அதனால் நாற்பது வருஷம் பழுப்புக் கதவு வழியாகவே போய்வந்தவர் நோரீன். இந்த மஞ்சளைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அதை ஒளிப்பதும் இல்லை.

போன குளிர்காலத்தில் பனி உறைந்த படியில் வழுக்கி வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். மகள் அலிசன், காரில் வரும் தூரத்தில் இருக்கும் நியூவார்க்கிலிருந்து ஓடிவந்து மருத்துவமனையிலேயே கறாராகப் பேசிவிட்டாள். "இன்னொரு தடவ இப்பிடி ஏதாவது ஆச்சுன்னா நீ எங்க வீட்டுக்கு வந்துடணும். பேச்சே கிடையாது." மாவுக்கட்டுப் போட்ட கையோடு நோரீன் இடது கையை நீட்டி ஒப்புக்கொண்டார். அலிசன் வீட்டில் அறையும் தயாரானது. சாம்பல் நிறச் சுவர், பிடித்து நடக்கக் கைப்பிடி, பெரிய தொலைக்காட்சி. எல்லாமே நல்ல பொருள்கள்; நோரீன் தேர்ந்தெடுத்தது அதில் ஒன்றுகூட இல்லை.

இந்த நவம்பரில் ஒரு விடியற்காலை, படுக்கையிலேயே சத்தம் கேட்டது. தரைக்கு அடியில் சொட்டு, சொட்டு என்று. உறைபனியில் குழாய் இணைப்பு தளர்ந்திருக்கிறது. எழுந்த வேகத்தில் இரவு அங்கியோடு தண்ணீரை அடைத்துவிட்டு, டார்ச்சையும் திருகுசாவியையும் எடுத்துக்கொண்டு பின்கதவை இழுத்துச் சாத்தினார். செங்கல் பாவாடையில் இருந்த பலகையைக் கழற்றிவிட்டு வீட்டுக்கு அடியில் ஊர்ந்து போய்விட்டார். இந்த வீட்டுக்கு வந்தபின் முதல்முறையாகத் திரையை மறந்துபோனார்.

இணைப்பை இறுக்கித் துணி சுற்றி முடிப்பதற்குள் தலைக்கு மேலே தடதடவென்று மஞ்சள் கதவைத் தட்டும் சத்தம். எதிர்வீட்டு டெரிக், பக்கத்து வீட்டு பாலின், இன்னும் தெருவே வந்திருந்தது. இதோ இருக்கேன் என்று கத்த வாயைத் திறந்தவர் பாலின் பேச்சைக் கேட்டதும் மூடிக்கொண்டார்.

"என்ன இருந்தாலும் நல்ல மனுஷிப்பா. வாய்தான் கொஞ்சம் நீளம்."

"கொஞ்சமா?" என்றார் டெரிக்.

"சரி, போற நேரத்துல அதெல்லாம் எதுக்கு? பாவம், அந்த ரோஜாத் தொட்டிங்களுக்குத்தான் இனிமே யாரு தண்ணி ஊத்துவா? நான் வேணா எடுத்து வெச்சுக்கிறேன்."

"ஆளு என்ன ஆனான்னே தெரியல, அதுக்குள்ள தொட்டியப் பங்கு போடுறியே! தள்ளு, மண்வெட்டி கொண்டாந்திருக்கேன். கதவ உடைச்சிடலாம்."

"டெரிக்!" என்று பூமிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "என் கதவுல ஒரு கீறல் விழட்டும், உன் மண்டைய அதே மண்வெட்டியால பொளந்துடுவேன்! பாலின், தொட்டிய வைடி கீழ!"

பாலின் உண்மையிலேயே ஒரு தொட்டியைக் கையில் வைத்திருந்தாள். அது கைநழுவி உடைந்தது. நோரீன் பின்பக்கமாக ஊர்ந்து வெளியே வந்தபோது அங்கியெல்லாம் சேறு, தலையெல்லாம் சிலந்தி வலை. தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. டெரிக் மட்டும் சிரிக்கவில்லை.

"வால்டர் அலிசனுக்குப் போன் போட்டுட்டார், நோரீன். அவ வண்டியக் கெளப்பிட்டா. இப்ப கூப்பிட்டா எடுக்க மாட்டேங்கறா."

நோரீனுக்குச் சேற்றின் குளிர் அப்போதுதான் உறைத்தது.

"திரையோட ஸ்பிரிங் அறுந்துபோச்சுன்னு சொல்லிடலாம்டி. நான் சாட்சி சொல்றேன்" என்றாள் பாலின். தொட்டியை உடைத்த குற்றவுணர்வு.

"அழுகின மீன நல்ல பெட்டியில நான் என்னிக்கும் போட்டதில்ல" என்றார் நோரீன். "நடந்ததச் சொல்லுவேன். வர்றது வரட்டும்." உடைகூட மாற்றாமல் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். யாரோ கையில் டீயைத் திணித்தார்கள். அந்த நாற்காலியில் இருந்தபடியே அவர் மனசுக்குள் அந்தச் சாம்பல் அறையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அலிசன் வந்து இறங்கினாள். வாசலில் கூட்டத்தைக் கண்டதும் கார் கதவைக்கூடச் சாத்தாமல் ஓடிவந்தாள். கூட்டத்துக்கு நடுவே சேறும் சிலந்தி வலையுமாகத் தாயார் டீ குடிப்பதைக் கண்டதும் அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"என்னம்மா கோலம் இது! வழி பூரா நான் செத்துச் செத்துப் பொழச்சேன். போதும். பையக் கட்டு. வாக்குக் குடுத்திருக்க."

"குடுத்தேன். இல்லேங்கல. ஆனா நான் விழலடி. நானா இறங்கி, நானாப் படுத்து, நானா எழுந்து வந்தேன். குழாய் ஒழுகுச்சு, இப்ப ஒழுகல. வேணும்னா குனிஞ்சு பாரு."

அலிசன் டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டு குனிந்தே பார்த்தாள். அடியில் சக்கரங்களும், புதுத்துணி சுற்றிய குழாயும். அடைப்பைத் திறந்து தண்ணீர் விட்டும் பார்த்தார்கள். ஒரு சொட்டு இல்லை.

"அதுக்கில்லம்மா. உள்ள மாட்டிக்கிட்டிருந்தா? யாருக்குத் தெரியும்?"

"வால்டருக்கு" என்றார் டெரிக். "வெளிச்சம் வந்தும் திரை ஏறலன்னு எனக்குப் போன் போட்டார். என் முட்டை வேகறதுக்குள்ள நான் இங்க நிக்கிறேன். எனக்குப் பின்னாடியே இதுங்க எல்லாம்."

அலிசன் மூலை வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். ஜன்னலுக்குப் பின்னால் ஒரு கிழவர் தொலைபேசியைக் காதில் வைத்தபடி, நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு நடுங்கி நடுங்கி நின்றுகொண்டிருந்தார்.

"அவரு ஏன் இன்னும் நிக்கிறாரு? அம்மா நல்லாயிருக்காங்கன்னு சொல்லலையா?"

"சொன்னேம்மா" என்றார் டெரிக். "அங்கேயிருந்து சமையலறை ஜன்னல் மட்டும்தான் அவருக்குத் தெரியும். திரை ஏறினாத்தான் நம்புவேங்கறார். ஏறாம உக்கார மாட்டார், பிடிவாதக்காரர். நாங்க ஏத்தலாம்னா, உங்கம்மா அதை யாரையும் தொட விடமாட்டாங்க."

அலிசன் டார்ச்சை அணைத்தாள். பிறகு, தாயாருக்கு மட்டும் கேட்கும் குரலில், "எங்க பக்கத்து வீட்டுக்காரர் பேருகூட எனக்குத் தெரியாதும்மா" என்றாள்.

மஞ்சள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். பை எடுக்கத்தான் போகிறாள் என்று நினைத்தார் நோரீன். குவளையைக் கீழே வைத்துவிட்டார்.

சடசடவென்று ஒரு சத்தம் கேட்டது. திரை உச்சியில் போய் அடித்துக்கொண்டது.

"கையை விட்டுட்டா பாரு!" என்றார் நோரீன். அவர் முகமெல்லாம் சிரிப்பு.

மூலை வீட்டில் வால்டர் தொலைபேசியை வைத்துவிட்டுக் குவளையை எடுத்து உயர்த்தினார். இங்கே ஜன்னலுக்குப் பின்னால் நின்ற அலிசன், முன்பின் அறியாத அந்தக் கிழவரைப் பார்த்துத் தன் கையை மேலே உயர்த்தி, அவர் உட்காரும் வரை இறக்காமல் வைத்திருந்தாள்.