பாவா மாமாவின் எட்டு மேசைகள்

முகைதீன்பாவா மாமா மறுபடியும் கட்டாருக்குப் போய் ஐந்து மாதம் ஆகிறது. அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. இந்த வயதில் அவர் போக வேண்டி வந்ததற்கு எங்கள் ஊர் சாய்ந்தமருதில் இரண்டு காரணம் சொல்கிறார்கள். பள்ளிவாசல்காரர் அவருடைய பூல் விளையாட்டு சென்டரை நடத்த விடவில்லை என்பது ஒன்று. கண்ணூறு பட்டுவிட்டது என்பது மற்றது. இரண்டும் சரியில்லை. அந்த சென்டரில் விளையாடி, பிறகு போகாமல் விட்ட பொடியன்களான எங்களுக்கு உண்மைக் காரணம் தெரியும். நேரத்தோடு நாங்கள் அதை அவரிடம் சொல்லவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அவர் எனக்குச் சொந்த மாமா இல்லை. எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு. தோஹாவில் முப்பது மேசை போட்ட ஒரு பெரிய ஸ்னூக்கர் மண்டபத்தில் பதினேழு வருடம் வேலை செய்தவர். விளையாடுகிற வேலை இல்லை. மேசைக்குத் துணி மாற்றுவது, கால்களை உயர்த்தி மட்டம் பிடிப்பது, கம்புகளுக்கு நுனி ஒட்டுவது, இவைதான் அவர் வேலை. ஒரு பந்தை மெதுவாக உருட்டி விட்டு, அது போகிற போக்கைப் பார்த்தே எந்தக் கால் தாழ்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அந்த மண்டபம் எந்த நாளும் நிரம்பி வழிந்ததாம். பிலிப்பைன்காரன், எகிப்துக்காரன், நேபாளி என்று எல்லாரும் வந்து ஆடுவார்களாம். ஒருவனுக்கு மற்றவனைத் தெரியாது. அந்தக் கடைசி விடயத்தை அவர் எங்களுக்குச் சிரிப்புக் கதையாகத்தான் சொன்னார். அதை யோசித்துப் பார்த்திருக்க வேண்டும். அவரும் யோசிக்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை.

ஊரில் அவருக்கு இருந்த ஒரே கவலை மகள் முஸ்பிறா. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். பாவா மாமாவுக்குக் கடற்கரைப் பக்கம் இருந்த வீடு சுனாமியோடு போனது. அப்போது முஸ்பிறாவுக்கு ஒரு வயது. மிஞ்சியது அவர் பெண்சாதி ஹாஜறா மாமிக்கு அவருடைய வாப்பா கொடுத்த காணி ஒன்றுதான், பிரதான வீதியை ஒட்டி. ஊர் திரும்பியதும் அந்தக் காணியில் கீழே பூல் சென்டர், மேலே முஸ்பிறாவுக்கு வீடு. இதுதான் திட்டம். எதை முதலில் கட்டுவது என்பதில்தான் புருசனுக்கும் பெண்சாதிக்கும் பேச்சு வந்தது. எங்கள் வீட்டு முற்றம் வரைக்கும் கேட்டது.

"முதல்ல புள்ளைக்கு ஊட்டக் கட்டுங்க. கடைய மறுகா பாப்பம்."

"கடை ஓடினா ஊடு தானா மேல எழும்பும், ஹாஜறா."

"தானா எழும்புறத்துக்கு அது என்ன முருங்க மரமா?"

மாமா சிரித்துவிட்டார். சிரித்து முடிந்ததும் அவர் சொன்னபடியேதான் நடந்தது. ஹாதிக் என்ற பையனைப் பேசி வைத்திருந்தார்கள். பாடசாலையில் ஆசிரியர், நல்ல குடும்பம். ஒரு வருடத்தில் மேல்வீடு முடிய வேண்டும், முடிந்ததும் நிக்காஹ் என்று இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டது.

பள்ளிவாசல் நிர்வாகத்தில் கூப்பிட்டு விசாரித்தார்கள், உண்மைதான். ஆனால் ஒருவரும் தடுக்கவில்லை. சூது ஆடுவார்களா, பாங்கு சொல்லும்போது மூடுவீர்களா என்று மட்டும் கேட்டார்கள். மாமா மார்பை நிமிர்த்தி, கேட்காத ஒன்றுக்கும் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

"முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போடுறன். ரோட்டால போற எந்த வாப்பாவும் தன்ட மகன் உள்ளுக்க என்ன செய்யிறான் எண்டு நிண்டு பாக்கட்டும். மறைக்கிறத்துக்கு என்னிட்ட ஒண்டும் இல்ல."

இதை அவர் வீதியில் கண்ட எல்லாரிடமும் சொன்னார். எல்லாரும் அவரை மெச்சினார்கள்.

சென்டர் திறந்த அன்று எங்களுக்கு வாய் மூடவில்லை. எட்டு மேசை. ஒவ்வொன்றுக்கும் மேலே தனி விளக்கு. குளிர் காற்று. தரைக்கு முஸ்பிறா தெரிவு செய்த வெள்ளை மாபிள். மேல்வீட்டுக்கும் அதே மாபிள்தான் போடுவது என்று அவள் சொல்லி வைத்திருந்தாளாம். அந்தத் தரையில் மண் படக்கூடாது என்பதற்காக, கண்ணாடிக் கதவுக்கு வெளியே, வீதியைப் பார்த்தபடி, மூன்று தட்டு வைத்த செருப்பு ராக்கை ஒன்றை மாமா செய்வித்து வைத்தார். பள்ளிவாசலில் இருப்பது போல. அறுபது சோடி வைக்கலாம்.

முதல் கிழமை ராக்கை நிறைந்தது. இரண்டாவது கிழமைதான் பஸாலின் சங்கதி நடந்தது. பஸால் எங்கள் கூட்டாளி. அவனுடைய செருப்பில் ஒரு பக்க வார் அறுந்து, சிவப்பு வயர் போட்டுக் கட்டியிருப்பான். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்த அவனுடைய வாப்பா ராக்கையில் அந்தச் சிவப்பு வயரைக் கண்டார். உள்ளே வரவில்லை. கூப்பிடவும் இல்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தார். அவ்வளவுதான். பஸால் கறுப்புப் பந்தைக் குறி வைத்துக் குனிந்திருந்தான். நிமிர்ந்தான், வாப்பாவைக் கண்டான், அடித்தான், வெள்ளைப் பந்துதான் குழிக்குள் போனது. வீட்டில் அவனுக்கு அடி விழவில்லை. வாப்பா இரண்டு நாள் அவனோடு கதைக்கவில்லை. அடித்திருந்தால் நல்லது என்று பஸால் சொன்னான்.

உள்ளே நாங்கள் ஒரு பிழையும் செய்யவில்லை. பந்துதான் அடித்தோம். ஆனால் பரீட்சை எழுதிவிட்டு வேலையில்லாமல் இருக்கிறவன், பகல் நேரத்தில், விளக்கு வெளிச்சத்தில், கண்ணாடிக்குப் பின்னால், கையில் கம்போடு நிற்பதைச் சாச்சா பார்க்கிறார், படிப்பித்த சேர் பார்க்கிறார், பஸ்ஸில் போகிற மாமி பார்க்கிறார். ஊரில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். முகம் தெரியாவிட்டாலும் செருப்புத் தெரியும், சைக்கிள் தெரியும்.

அதனால் ஒவ்வொருவராக ஸிராஜ் காக்காவிடம் போனோம். அரிசி ஆலைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டில். இரண்டே மேசை. வெக்கை. அதில் ஒரு மேசை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அந்தப் பக்கம் நிற்கிறவனுக்கு அதிர்ஷ்டம். வென்றவன் நிற்பான், தோற்றவன் கம்பைக் கொடுத்துவிட்டு விலக வேண்டும். பன்னிரண்டு பேர் காத்திருப்பார்கள்.

"டேய், கம்ப அப்பிடிப் புடிக்கிற, தென்னோல கட்டவா போறாய்?"

"நீ அடி மச்சான், பந்து நாளைக்குத்தான் போய்ச் சேரும்."

இந்தப் பேச்சுக்காகவே போவோம். பாவா மாமாவின் சென்டரில் ஆறு பேர் போனால் மூன்று மேசையில் பிரிந்து நிற்போம். யாரும் காத்திருக்க மாட்டார்கள். காத்திருக்க ஆள் இல்லாததால் பார்க்கவும் ஆள் இல்லை, நையாண்டி பண்ணவும் ஆள் இல்லை. மீதி ஐந்து மேசையும் மேலே விளக்கு எரிய எங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். அதே ஆறு பேர் ஸிராஜ் காக்காவின் கொட்டிலுக்குள் நின்றால் திருவிழா மாதிரி இருக்கும்.

மாமா ஒரு போட்டி வைத்தார். ஒலிபெருக்கி கட்டினார், கிண்ணம் வாங்கினார். அன்று சனம் வீதி வரைக்கும் நின்றது. பஸாலின் வாப்பா கூட வந்து கைதட்டினார். போட்டி என்றால் அது விளையாட்டு, சும்மா நாளில் அதுவே வீணாப்போறது. அடுத்த நாள் ராக்கையில் இரண்டு சோடிதான் கிடந்தது.

ஒரு நாள் வீதியில் என்னை மறித்தார்.

"என்ன மனே, இப்ப வாறல்ல?"

"எக்ஸாம் மாமா."

"எக்ஸாம்தான் முடிஞ்சே?"

"இது வேற எக்ஸாம்."

"அல்லாஹ் உதவி செய்யட்டும். முடிஞ்சதும் வாங்க. துணி மாத்தியிரிக்கன்," என்றார். ஆடாத மேசைக்குத் துணி மாற்றியிருந்தார்.

மேல்வீட்டுக்குத் தூண் வரைக்கும்தான் வேலை நடந்திருந்தது. அதற்குப் பிறகு மேசன்மார் வரவில்லை. தூண்களில் கம்பி நீட்டிக்கொண்டு நின்றது. ஒரு வருடத்தில் ஏழு மாதம் போய்விட்டது.

ஸிராஜ் காக்காவின் மற்ற மேசையும் சாயத் தொடங்கியது. ஊரில் மட்டம் பிடிக்கத் தெரிந்தவர் ஒருவர்தான். ஸிராஜ் காக்கா வெட்கத்தை விட்டுவிட்டு அவரிடமே போய்க் கேட்டார். வேறு ஒருவராக இருந்தால் விரட்டியிருப்பார். பாவா மாமா மட்டக்கோலையும் மேசைக்கால் திருகுகிற சாவியையும் எடுத்துக்கொண்டு பின்னேரம் வந்தார்.

நாங்கள் பதினான்கு பேர் உள்ளே நின்றோம். மாமா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். என்னையும் பார்த்தார். குனிந்து மேசைக்கு அடியில் போனார். அங்கேதான் எங்கள் செருப்புகள் கிடந்தன. ஸிராஜ் காக்காவின் கொட்டிலில் செருப்பை வெளியே விடுகிற வழக்கம் இல்லை. எல்லாவற்றையும் மேசைக்கு அடியில் குவித்துவிடுவோம்.

"ஏன்டா செருப்பெல்லாம் உள்ளுக்க கிடக்கு?" அடியிலிருந்து குரல் வந்தது.

கடைசியில் பஸால்தான் சொன்னான்.

"வெளிய கிடந்தா வாப்பாக்குத் தெரியும் மாமா."

எவனோ சிரித்தான். எல்லாரும் சிரித்தோம். மாமா சிரிக்கவில்லை. சாவி திருகுகிற சத்தமும் நின்றுவிட்டது. அவர் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அந்தக் கால்கள் நெடுநேரம் அசையவே இல்லை. பிறகு மறுபடியும் சாவிச் சத்தம் கேட்டது. வெளியே வந்து, ஒரு பந்தை உருட்டி விட்டு, அது நேராகப் போவதைப் பார்த்துவிட்டு, "இப்ப சரி" என்றார். ஸிராஜ் காக்கா கொடுத்த பிளேன்ரீயைக் குடித்தார். போகும்போது கையில் அகப்பட்ட சிவப்பு வயர் போட்ட செருப்பைப் பஸாலின் காலடியில் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த நாள் ராக்கை உள்ளே போனது. அது போதாது என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். நான்காம் நாள் கண்ணாடி முழுவதும் கறுப்புத் தாள் ஒட்டினார். அன்று பின்னேரம் நாங்கள் இருபது பேர் போனோம். மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மேசைக்கு மேசை ஓடி, கம்பு நுனிக்குச் சோக்கு எடுத்துக் கொடுத்து, "அடி மனே, அடி" என்று எங்களுக்குப் புத்தி சொல்லிக்கொண்டு நின்றார்.

மூன்று நாள்தான் அது. கண்ணாடி போடுகிறேன், மறைக்க ஒன்றும் இல்லை என்று ஊர் முழுக்கச் சொன்ன மனிசன் இப்போது கறுப்பு ஒட்டியிருக்கிறார். அப்படியென்றால் மறைக்க ஏதோ வந்துவிட்டது என்று ஊர் கணக்குப் போட்டது. உள்ளே போதைத் தூள் விற்கிறார்களாம் என்றார்கள். பள்ளிவாசலிலிருந்து யாரும் வரவில்லை. வந்தது ஹாதிக்கின் உம்மா. ஹாஜறா மாமியிடம் அவர் சத்தம் போடவில்லை. நான் அப்போது எங்கள் வேலிக்குப் பக்கத்தில் நின்றேன்.

"குறை நினைக்காதிங்க மச்சி. ஒங்கட புள்ள தங்கமான புள்ள. ஆனா கறுப்பு ஒட்டின கடைக்கி மேல என்ட மகன் எப்பிடிக் குடியிரிக்கிற? அவன் நாலு புள்ளைகளுக்குப் படிச்சிக் குடுக்கிறவன்."

"இண்டைக்கே கழட்டச் சொல்றன் மச்சி."

"கழட்டினாலும் சனம் கதைச்ச கதைய எப்பிடிக் கழட்டுற?"

அன்றே பாவா மாமா சவர்க்காரத் தண்ணீரும் பிளேடும் வைத்துக் கறுப்பைச் சுரண்டினார். வீதியில் போன எல்லாரும் பார்த்தார்கள். நாங்கள் உதவிக்குப் போகவில்லை. கண்ணாடிக்கு முன்னால் நிற்க வேண்டுமே. இரண்டு கிழமையில் ஹாதிக்குக்கு நிந்தவூரில் பெண் பேசி முடித்தார்கள். வீடு கட்டி முடிந்த பெண்.

மேசைகளில் இரண்டை ஸிராஜ் காக்கா எடுத்தார். மற்றவற்றுக்குக் கண்டியிலிருந்து ஆள் வந்தது. இப்போது அந்த மண்டபத்தை வாடகைக்கு எடுத்து யாரோ ரியூசன் நடத்துகிறார்கள். ராக்கையில் இடம் போதாமல் செருப்புகள் வீதி வரைக்கும் கிடக்கின்றன. பஸாலின் தங்கச்சியும் அங்கேதான் படிக்கிறாள். மேலே கம்பிகள் துருப்பிடித்து நிற்கின்றன. அந்த வீட்டை எழுப்பத்தான் மாமா மறுபடியும் தோஹாவுக்கு, மற்றவர்களின் மேசைக்கு மட்டம் பிடிக்கப் போயிருக்கிறார்.

மேசை ஏற்ற லொறி வந்த காலையில் நானும் பஸாலும் தூக்குவதற்குப் போனோம். அந்த ஒரு உதவியாவது செய்ய வேண்டும் என்று இருந்தது. கண்ணாடிக்கு வெளியே ரோலர் கதவு இழுத்து மூடியிருந்தது. வழமையாக ராக்கையில் மாமாவின் செருப்பு கிடக்கும். ராக்கையை அவர் மறுபடியும் வெளியே கொண்டுவந்து வைத்திருந்தார். அன்று அது வெறுமையாக இருந்தது. ஆள் இல்லை என்று திரும்பிப் போகப் பார்த்தோம். அப்போது உள்ளே பந்தோடு பந்து மோதும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு முஸ்பிறாவின் குரல்.

"வாப்பா, அது கள்ள ஆட்டம்!"

"என்ன கள்ளம்? மேச சாஞ்சிரிக்கி."

"நீங்க மட்டம் புடிச்ச மேச எப்பிடிச் சாயிற?"

லொறிக்காரன் ஹோன் அடித்தான். உள்ளே சத்தம் நின்றது. கதவுக்குப் பின்னாலிருந்து மாமா கேட்டார்.

"ஆரு?"

"நாங்கதான் மாமா. தூக்க வந்த."

"கொஞ்சம் நில்லுங்க மனே. மகளுக்கு இன்னும் ரெண்டு பந்து கிடக்கு."

நாங்கள் நின்றோம். லொறிக்காரனை மறுபடி ஹோன் அடிக்க விடவில்லை. ரோலர் கதவு ஒரு முழம் உயர்ந்தபோது, உள்ளே, வெள்ளை மாபிளின் மேல், முதல் மேசைக்கு அடியில், இரண்டு சோடி செருப்பு தெரிந்தது.