கிளிக்கு எண்ணெய் தேய்த்த வெள்ளிக்கிழமை

கிளி பெண் என்று முடிவு கட்டியது நான்தான். கழுத்தில் வளையம் இல்லை, அதனால் பெண். பெண் என்றால் எண்ணெய்க் குளியலுக்கு வெள்ளிக்கிழமை. ஆணாக இருந்திருந்தால் சனிக்கிழமை வரைக்குமாவது தப்பித்திருக்கும்.

அந்தக் கிளி என் ஓரகத்தியுடையது. ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டின் கூலிக்காரர் லயத்தில் அடுத்தடுத்த அறைகளில் குடியிருந்தோம். நிழல் மரத்தில் கிளை வெட்டியபோது பொந்தோடு கீழே விழுந்த குஞ்சை, அவள் புருஷன், என் மூத்தார், துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். கிளியூரில் பிறந்தவளுக்குக் கிளி வந்ததில் என்ன அதிசயம் என்று லயமே கேலி செய்தது. எனக்கோ எரிச்சல். அவள் என்னைவிட ஒரு வயது சின்னவள். மூத்தவரைக் கட்டிக்கொண்ட ஒரே காரணத்துக்காக அவளை நான் அக்கா என்று கூப்பிட வேண்டியிருந்தது.

ஆனால் அவள் கிளியைத் தூக்கும்போது மட்டும் கைவேலையைப் போட்டுவிட்டுப் பார்ப்பேன். மேலிருந்து கை போகாது. விரலை அதன் வயிற்றுக்குக் கீழே கொண்டுபோய் வைத்துவிட்டுச் சும்மா இருப்பாள். அது யோசிக்கும், அலகால் விரலைச் சோதித்துப் பார்க்கும், அப்புறம் தானாக ஏறும். பிடிக்கவேண்டி வந்தால் தலைக்கு இரண்டு பக்கமும் இரண்டு விரல், அவ்வளவுதான்; நெஞ்சை அழுத்தமாட்டாள். "நெஞ்சு ஏறி எறங்குனாத்தானுங்க அது மூச்சு உடும்" என்பாள். காப்பிப் பழம் பறித்து வெடித்துப்போன விரல்களுக்கு எங்கிருந்து வந்தது இத்தனை நிதானம் என்று எனக்குப் பொறாமையாக இருக்கும்.

அவள் குளிப்பாட்டும் விதம்தான் பிடிக்கவில்லை. பனியில் நனைந்த கொய்யாக் கொப்பு ஒன்றை ஒடித்துவந்து வாசலில் போடுவாள். கிளி இலைகளுக்குள் புகுந்து முதுகையும் கழுத்தையும் தேய்த்துக்கொண்டு, இறக்கையை விரித்து ஒரே குதியாட்டம் போடும். வெளியே வரும்போது அந்தப் பச்சையைப் பார்க்க இரண்டு கண் போதாது. அழகுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் இதுவும் ஒரு குளியலா? பச்சைப் பிள்ளைக்கு எண்ணெய் வைக்காமல் தண்ணீர் ஊற்றுவோமா?

கால் சுளுக்கி நான் வேலைக்குப் போகாத ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கெண்ணெயைச் சூடு காட்டித் தலை முதல் வால் வரைக்கும் தடவினேன். வெந்நீர் ஊற்றினேன். கண்ணில் பட்டுவிடுமே என்று, எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் அரப்பு மட்டும் போடவில்லை. அவ்வளவு கரிசனம்!

மத்தியானத்துக்குள் கிளி கிளியாகவே இல்லை. இறகெல்லாம் திரிதிரியாக ஒட்டிக்கொண்டு நடுநடுவே தோல் தெரிந்தது. எவ்வளவு துடைத்தும் காயவில்லை. வெளியே மூடுபனி. நடுக்கம் கூடிக்கொண்டே போய்க் கண் செருகியது. கொன்றுவிட்டோம் என்று அவள் வரும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் வேலை விட்டு வந்தவள் பார்த்தாள்.

"ஏனுங்க, எண்ணெ வெச்சீங்களா?"

"நல்லதுன்னு நெனச்சுத்தானுங்க்கா..."

திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன், அது எனக்குக் கைவந்த கலை. அவள் திட்டவில்லை. அரப்புத்தூளைத் துணியில் சலித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் நீர்க்கக் கரைத்தாள். கிளியின் தலையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, இறகு படிந்திருக்கும் திசையிலேயே கொஞ்சம் கொஞ்சமாக நீவினாள். அலசினாள். மறுபடியும் கரைத்தாள். நான் அடுப்பை ஊதி ஊதித் தண்ணீர் காயவைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். ஐந்தாவது தடவைதான் தண்ணீர் இறகில் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டது.

"பொழைக்குமாக்கா?"

"தெரியலீங்க. நொம்பச் சில்லுனு கெடக்குது." துணியில் ஒற்றி எடுத்து அதை என்னிடம் நீட்டினாள். "எங் கையெல்லாம் ஈரமுங்க. உங்க கைதான் சூடா இருக்குது. புடிங்க."

"நானுங்களா?"

"வேற யாருங்க இருக்கறாங்க?"

காலையில் அதை அந்தப் பாடுபடுத்திய கை. வாங்கவே கூசியது. அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானைக்குள் பொத்திக்கொண்டேன். அதன் நடுக்கம் என் முழங்கை வரைக்கும் ஏறியது. அவள் எதிரில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோறு வைக்க இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

நெடுநேரத்துக்குப் பிறகு நடுக்கம் நின்றது. செத்துவிட்டது என்றே நினைத்தேன். அப்போது முந்தானைக்குள் ஏதோ புரண்டது. அடுத்த நொடி என் கட்டைவிரலில் ஒரே கவ்வு. ரத்தம் வந்துவிட்டது.

"கடிக்குதுக்கா!"

"கடிச்சா பொழச்சுக்குமுங்க" என்று சிரித்தாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

நான் விரலை எடுக்கவில்லை. "கடி சாமி, நல்லாக் கடி" என்று அழுதுகொண்டே கொடுத்தேன்.