என் மீன் குழம்பின் மேல் விழுந்த பழி

லண்டன் ஈஸ்ட் ஹாமில் நம்மவர் கடையில் சூரை மீன் பளபளவென்று கிடந்தது. "காலமைதான் வந்தது அக்கா, நம்பி எடுங்கோ" என்றார் கடைக்காரர். நான் செவுளைத் தூக்கி மணந்து பார்த்தேன். மனிதரை நம்புவேன், மீனை மணக்காமல் நம்புவதில்லை. என் தொழிலும் அதற்கு ஒரு காரணம்.

மருந்தியல் ஆய்வுதான் தொழில். ஹிஸ்டமின் என்று ஒரு பொருள், நம் உடம்பிலேயே ஊறுவது. மகரந்தக் காலத்தில் லண்டன் முழுவதும் மூக்கைச் சிந்திக்கொண்டு திரிவது அதன் கைங்கரியம்தான். நாள்பட்ட சூரையிலும் அது சேரும். தின்றால் முகம் சிவந்து தடிக்கும், எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது. மூளையிலும் அது இருக்கிறது, நம்மை விழித்திருக்க வைக்கிறது என்பதை நான் ஆய்வுக்கு வந்த காலத்தில் பலர் நம்பவில்லை. நான் நம்பினேன்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் இளஞ்சூட்டு உப்புநீரில் கினிப்பன்றியின் குடல் துண்டு ஒன்று தொங்கும். ஹிஸ்டமின் துளி பட்டால் சுருங்கும். அதோடு நூலால் இணைத்த பேனா காகிதத்தில் மேலே ஏறும். அந்த அறையின் மணத்தைச் சொல்லாமல் விடுகிறேன், நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். எலி மூளையிலிருந்து பிரித்த சாற்றை அதில் விட்டேன். பேனா ஏறியது. மறுநாளும் ஏறியது.

எங்கள் பேராசிரியர், ஓர் ஆங்கிலேயர், காகிதத்தைப் பார்த்தார். பிறகு என் சாப்பாட்டுப் பெட்டியைப் பார்த்தார். நான் மதியத்தில் சோறும் மீன் குழம்பும் கையால் பிசைந்து சாப்பிடுகிறவள். இது மூளையின் ஹிஸ்டமின் இல்லை, உன் விரலில் ஒட்டிய மீனுடையது என்றார். சோப்புப் போட்டுக் கழுவுகிறேன் என்றாலும் கேட்கவில்லை. ஆய்வாளர் கூட்டத்தில் இதைச் சொல்ல விடமாட்டேன் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டில் சொன்னபோது கணவர், "ஏன் வீண் சண்டை? கொஞ்ச நாளைக்கு சான்ட்விச் கொண்டுபோமன்" என்றார்.

"ஏலாதப்பா. நாளைக்கும் மீன்தான் கொண்டுபோவன்."

கொண்டுபோனேன். பேராசிரியரின் முன்னாலேயே சாப்பிட்டு, கழுவாத விரல்களை உப்புநீரில் அலசி, அந்த நீரைக் குடல் துண்டின் மேல் விட்டேன். பேனா அசையவில்லை. யாழ்ப்பாணத்துக்காரி பழுதான சூரையை வாங்குவாள் என்று மனிதர் எப்படி நினைத்தாரோ தெரியாது. பிறகு, டின் மீன் சான்ட்விச்சை அப்போதுதான் முடித்திருந்த அவரையும் விரலை அலசச் சொன்னேன். பேனா ஏறியது. அவர் காதுவரை சிவந்தார். என் மாதிரிகளை அவர் ஒருநாளும் தொட்டதில்லை, ஆகவே அவருடைய மீனும் அதில் சேர்ந்திருக்க வழியில்லை என்பது இருவருக்கும் தெரியும். "கூட்டத்தில் நீயே பேசு" என்றார். பேசினேன். நன்றாகத்தான் பேசினேன்.

அதன்பின் மூளையில் ஹிஸ்டமின் போய் ஒட்டும் ஏற்பிகளைத் தேடுவதிலேயே என் ஆயுளில் பாதி போனது. ஒவ்வொரு முடிவையும் அவர் சந்தேகித்தார்; ஒவ்வொன்றுக்கும் சண்டை பிடித்தோம். இப்போது அங்கே குடல் துண்டும் இல்லை, பேனாவும் இல்லை. ஏற்பிகளைச் செல்களில் வளர்க்கிறார்கள், எந்திரம் அளக்கிறது. மூளையில் ஹிஸ்டமின் உண்டு என்பது மாணவர்கள் கொட்டாவி விட்டபடி அடிக்கோடிடும் ஒரு வரி. யாரும் மறுத்துப் பேசுவதில்லை. மறுத்தவர் போன குளிர்காலத்தில் இறந்துவிட்டார். அவரோடு இன்னும் ஒரு சண்டை போட வேண்டும் போலிருக்கிறது எனக்கு.