சமையல்காரம்மாவின் பாரசீகம்

கழுவிய கரண்டியைக் கொக்கியில் மாட்டும்போது 'மலாகே' என்பாள். வடிதட்டைக் கவிழ்க்கும்போது 'ஆப்கேஷ்'. வாணலிக்கு 'மாஹிதாபே'. புதிதாகச் சேர்ந்த வீட்டில் அதை ஏதோ மந்திரம் என்று நினைத்துவிட்டார்கள்.

"மந்திரமும் இல்ல, மாயமும் இல்லம்மா. பாத்திரத்தோட பேரு. பாரசீகத்துல" என்றாள் சமையல்காரம்மா. அவளுடைய பாரசீகம் மொத்தமும் ஓர் அடுப்படிக்குள் அடங்கிவிடும். பாத்திரத்தில் வேகும் எதற்கும் அவளுக்குப் பெயர் தெரியாது.

கற்றது முன்பு வேலை பார்த்த வீட்டில், அந்த வீட்டுப் பெரியம்மாவிடம். பாரசீகம் பேசும் குடும்பத்தில் பிறந்து, தமிழ்க் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, நாற்பது வருஷம் தமிழில் சண்டை போட்டவள். மறதி நோய் வந்ததும் தமிழ்தான் முதலில் போயிற்று. ஆனாலும் அடுப்படி அதிகாரத்தை விடவில்லை. இவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கையை நீட்டி, "சாக்கூ, சாக்கூ" என்றாள்.

"காலங்காத்தால நம்மள சாகச் சொல்றாங்களேன்னு ஒரு மூச்சு அழுதுட்டேன். கடைசியில கத்தியத்தான் கேட்டிருக்காங்க."

வெளியூரிலிருக்கும் பெரியம்மாவின் மகன் போனில் விளக்கிய பிறகு, இவள் காலண்டர் தாளைக் கிழித்து, ஒவ்வொரு பெயரையும் தமிழெழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொண்டாள்.

ஒன்றரை வருஷத்தில் அந்தப் பெயர்களும் உதிர ஆரம்பித்தன. பெரியம்மா துருவியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள், முகம் கறுத்துவிடும். இவள் மாவு பிசைந்தபடியே, யாருக்கோ சொல்வதுபோல 'ரந்தே' என்பாள். உடனே பெரியம்மா "ரந்தே" என்று அதட்டுவாள், மறந்தவள் இவள்தான் என்பதுபோல. இவளும் தலையாட்டி அதை ஏற்றுக்கொள்வாள்.

ஒரு நாள் பெரியம்மா எரிகிற அடுப்பில் கையை வைத்துவிட்டாள். இவள் மாடியில் துணி எடுக்கப் போயிருந்த நேரம். மகன் வந்து பராமரிப்பு இல்லத்தில் சேர்க்க ஏற்பாடு செய்தார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று இவள் எவ்வளவோ கெஞ்சினாள். அவர் அம்மாவின் கைக்கட்டை ஒருமுறை பார்த்தார்.

ஞாயிறுதோறும் இரண்டு பஸ் மாறிப் போகிறாள். அங்கே சாப்பாடு தட்டில் வந்துவிடும்; அடுப்படி கண்ணிலேயே படாது. கட்டிலோரம் உட்கார்ந்து தனக்குத் தெரிந்த பன்னிரண்டு பெயர்களையும் சொல்வாள். ஆரம்பத்தில் பெரியம்மா திருப்பிச் சொன்னாள். பிறகு உதடு மட்டும் அசைந்தது. மூன்று மாதமாக அதுவும் இல்லை.

போன ஞாயிறு அவள் அங்கே இருக்கும்போது மகன் போனில் கூப்பிட்டார். அம்மா ஏதாவது பேசினார்களா என்று கேட்டார்.

"இப்பதான் தம்பி. தட்டு கேட்டாங்க, போஷ்காப்னு."

அம்மாவிடம் கொடுங்கள், குரலையாவது கேட்கிறேன் என்றார்.

"தூங்கிட்டாங்களே" என்றாள். தன்னையே இமைத்து இமைத்துப் பார்த்துக்கொண்டிருந்த பெரியம்மாவின் இரண்டு கண்களையும் மற்றக் கையால் மெல்ல மூடினாள்.