மரகைபோவுக்குப் போன சூட்கேஸ்

கமிட்டி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். இரண்டு தமிழர் சேர்ந்தால் மூன்று சங்கம் என்று நம்மை நாமே கேலி செய்வோம் அல்லவா? ஆக்லாந்துக்கு வந்த இத்தனை வருடத்தில் அந்த மூன்றிலும் நான் இருந்திருக்கிறேன், மூன்றிலிருந்தும் கோபித்துக்கொண்டு வெளியேறியிருக்கிறேன். வெனிசுவேலாக்காரர் சிலர் நகரத்தின் மேற்குப் பக்கம் ஹென்டர்சனில் ஒரு சர்ச் மண்டபத்தில் சனிக்கிழமைகளில் கூடித் தங்கள் நாட்டு நோயாளிகளுக்குச் சாமான் அனுப்புகிறார்கள் என்று கேள்விப்பட்டபோதும், இது எத்தனை நாளைக்கு என்றுதான் முதலில் நினைத்தேன்.

நான் வேலை செய்வது ஹென்டர்சனில், ஆஸ்பத்திரிச் சாமான்கள் வைக்கும் ஒரு கிடங்கில். கையுறை, பஞ்சு, தையல் நூல், சேலைன் குழாய் என்று கூரை வரை பெட்டிகள். காலாவதித் தேதி நெருங்கிவிட்டால் அவற்றை யாரும் வாங்க மாட்டார்கள். எல்லாம் நல்ல சாமான், அப்படியே குப்பைக்குப் போகும். ஒரு நாள் ஒரு பெண் கிடங்கு வாசலில் வந்து நின்று, குப்பைக்குப் போவதைத் தங்களுக்குத் தர முடியுமா என்று கேட்டார். கேட்ட தோரணையில் கெஞ்சல் இல்லை. எங்கள் மேனேஜர் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு சம்மதித்தார். பெட்டிகளைக் காரில் ஏற்றி மண்டபத்தில் சேர்க்கும் வேலை என் தலையில் விழுந்தது.

அந்தப் பெண் தன் நாட்டில் எண்ணெய்க் கிணறுகளில் எஞ்சினியராக இருந்தவர். இங்கே பாட்டனி டவுன்ஸில் ஒரு துணிக்கடையில் நிற்கிறார். ஹென்டர்சனில் வீடு, நகரத்தின் அந்தக் கோடியில் வேலை. தினமும் ரயிலும் பஸ்ஸும் மாறிப் போய் வருவார். நான் மனதுக்குள் அவரை எஞ்சினியர் என்றே வைத்துக்கொண்டேன். அவர் என்னை "செஞ்ஞோர்" என்பார். ஐயா என்று அர்த்தம்.

மண்டபத்தில் மொத்தம் ஒன்பது குடும்பம்தான். தலைவர் இல்லை, செயலாளர் இல்லை, பொன்னாடை இல்லை. மைக் கூட இல்லை. தென்னமெரிக்காவுக்கு யார் பயணம் போனாலும் அவர்கள் தங்கள் உடுப்பைக் கைப்பையில் அடக்கிக்கொண்டு, மீதி எடையை இவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். அதுதான் அவர்களுடைய ஒரே சட்டம். சூட்கேஸ் இங்கிருந்து சிலி நாட்டுக்கு விமானத்தில் போகும். அங்கே இன்னொருவர் வாங்கிக் கொலம்பியா வரை கொண்டுபோவார். எல்லைப் பாலத்தை இன்னொருவர் நடந்து கடப்பார். பிறகு பஸ், பிறகு யாரோ ஒருவருடைய கார். ஒவ்வொருவருக்கும் தனக்கு முன்னால் உள்ளவரையும் பின்னால் உள்ளவரையும் மட்டுமே தெரியும்.

சூட்கேஸ் கை மாறும்போதெல்லாம் ஒரு படம் வரும். முகம் இருக்காது. பிடியைப் பிடித்திருக்கும் கை மட்டும். பச்சை குத்திய கை, நகப்பூச்சு உரிந்த கை, ஒரு விரல் இல்லாத கை. சனிக்கிழமைகளில் எஞ்சினியர் தன் போனில் அவற்றை எனக்குக் காட்டுவார். தங்கள் வாட்ஸ்அப் குழுவில் என்னையும் சேர்ப்பதாகச் சொன்னார். ஏற்கெனவே ஒன்பது குழுக்களில் தினமும் ரோசாப்பூவும் காலை வணக்கமும் வந்து போன் நிறைகிறது, வேண்டாம் என்றுவிட்டேன். ஆனால் அந்தக் கைகளைப் பார்க்கும்போது எனக்கு மயிர்க்கூச்செறியும். சம்பளம் இல்லை, பெயர் இல்லை, நன்றி சொல்ல ஆள் கூட இல்லை. எந்தச் சாமானும் வழியில் காணாமல் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. இப்படியும் மனிதர் இருப்பார்களா என்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் தேங்காய் துருவிக்கொண்டே, "இப்பதான் கண்டுபிடிச்சீங்களோ?" என்றார்.

சென்ற வருடம் எஞ்சினியரின் தங்கைக்கே ஆபத்து வந்தது. மரகைபோ நகரத்தில் இருக்கிறாள். குடல் ஓட்டையாகி அவசரமாக ஒரு அறுவை செய்து, வயிற்றில் வெளியே பை வைத்து விட்டிருந்தார்கள். பையை எடுத்துக் குடலை மூட இரண்டாவது அறுவை வேண்டும். புண்ணில் சீழ் பிடிக்கத் தொடங்கியதால் இனித் தள்ளிப் போட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். டாக்டர் இருக்கிறார், கட்டில் இருக்கிறது, வேறு எதுவும் இல்லை. அறுவைக்கு வேண்டிய அனைத்தையும் நோயாளியின் வீட்டார் கொண்டுவர வேண்டும். கத்தி, நூல், குழாய், டாக்டர் போடும் முகமூடி, அறையின் தரையைத் துடைக்கும் மருந்து வரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். எங்கள் யுத்த காலத்தில் இப்படிப்பட்ட தாளை நானும் கையில் வைத்துக்கொண்டு அலைந்தவன். அதனால் அதை இரண்டு தரம் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

தரை மருந்தையும் மயக்க மருந்தையும் அங்கேயே தேடிக்கொள்வதாக ஏற்பாடு. மற்ற எல்லாவற்றையும் கிடங்கில் ஒவ்வொன்றாக நானே தேடி எடுத்தேன். நூலின் தடிமன் சரிதானா என்று மூன்று தரம் பார்த்தேன். சூட்கேஸ் போனது. கைகள் வந்தன. எல்லைப் பாலம் வரை படம் வந்தது. பிறகு ஒரு வாரம் ஒன்றுமே வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை காலை மண்டபத்துக்குப் போனேன். எஞ்சினியர் இரண்டு கையாலும் ஒரு பெரிய அட்டைப்பெட்டியை அழுத்திப் பிடித்தபடி நின்றார். கண் சிவந்து முகமெல்லாம் ஈரம். நான் கிட்டப் போய், தங்கச்சி எப்படி என்று மெதுவாகக் கேட்டேன். அவர் பேசவில்லை. என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

நமக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லத் தேவையில்லை. ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் உதட்டைப் பிதுக்கினால் நாம் அழத் தொடங்கிவிடுவோம். ஒரு வாரம் முந்தி அனுப்பியிருக்கலாமே, நூலை மூன்று தரம் பார்த்துக்கொண்டு நின்ற மடையன் நான்தானே என்று என்னையே திட்டிக்கொண்டேன். அவருடைய தோளைத் தொட்டேன். செத்த வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது என்பதால் ஒன்றும் சொல்லாமல் திரும்பி நடந்தேன்.

மறுநாள் மனைவி விடியவே எழும்பி மரக்கறிச் சாப்பாடு சமைத்தார். சோறு, பருப்பு, கத்தரிக்காய், ஒரு கீரை. துக்க வீட்டில் அடுப்பு எரியாது, அயலார்தான் சாப்பாடு கொடுக்க வேண்டும். ஹென்டர்சனாக இருந்தால் என்ன, மரகைபோவாக இருந்தால் என்ன? பத்து மணிக்கு இரண்டு பேரும் பாத்திரங்களோடு எஞ்சினியர் வீட்டு வாசலில் நின்றோம். உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

மனைவி என்னைப் பார்த்தார். அவர்களின் வழக்கம் வேறாக இருக்கலாம் என்றேன். கதவு திறந்தது. எஞ்சினியர் என் மனைவியைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். அதுவும் வழக்கம்தானாக்கும் என்று நின்றோம். உள்ளே போய் உட்கார்ந்ததும் மனைவி, உங்கள் தங்கைக்காக மிகவும் துக்கப்படுகிறோம் என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னார்.

எஞ்சினியர் விழித்தார். "ஏன் துக்கம்? நேற்று செஞ்ஞோருக்குக் காட்டினேனே. பார்த்துவிட்டு, பேச முடியாமல் போனார்."

என்ன காட்டினீர்கள் என்றேன். அவர் கையை அசைக்காமல், முகத்தையும் திருப்பாமல், மேசையில் கிடந்த போனை நோக்கி உதட்டை நீட்டினார். சனிக்கிழமை நான் கண்ட அதே பிதுக்கல். அவர்கள் ஊரில் திசை காட்டுவதே அப்படித்தானாம். அதிலும் கை இரண்டிலும் பாரம் இருக்கும்போது வேறு எதனால் காட்டுவது? நேற்று சந்தோஷத்தில் அழுது பேச்சு வராமல், என் முதுகுக்குப் பின்னால் சுவரோரம் சார்ஜில் இருந்த போனைத்தான் காட்டியிருக்கிறார். அதில் கடைசிப் படம் வந்திருந்தது. எங்கள் கிடங்கின் நீலக் கையுறை போட்ட ஒரு கை சூட்கேஸின் பிடியில் இருந்தது. அறுவை முடிந்துவிட்டது. தங்கை பிழைத்துவிட்டாள்.

நான் கதிரையில் சாய்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தது, அதோடு கண்ணீரும் வந்தது. மனைவி பாத்திரங்களைக் கொஞ்சம் தள்ளி வைத்து, "செத்த வீட்டுச் சாப்பாடு எண்டு மட்டும் வாய் தவறிச் சொல்லிப்போடாதேங்கோ" என்று என் காதில் சொன்னார்.

எஞ்சினியர் போனில் தங்கையைக் கூப்பிட்டார். அங்கே முதல் நாள் மாலை. தலையணையில் சாய்ந்து, எலும்பும் தோலுமாக, ஆனால் பெரிய கண்ணோடு ஒரு பெண் திரையில் வந்தாள். இவர்தான் கிடங்குக்காரர் என்று அக்கா சொல்லியிருக்க வேண்டும். தங்கை கை கூப்பவில்லை, அழவில்லை. உடனே வேகமாக ஏதோ சொல்லத் தொடங்கினாள். எஞ்சினியர் இங்கிலீஷில் சொல்லச் சொல்லத்தான் விளங்கியது. சூட்கேஸில் நாலு சோடிக் கையுறையும் ஒரு சேலைன் குழாயும் மிஞ்சிவிட்டன. பக்கத்துக் கட்டிலில் ஒரு பள்ளி ஆசிரியை இருக்கிறார். பித்தப்பையில் கல். சாமான் சேராததால் நாலு மாதமாக அறுவை நடக்கவில்லை. மிஞ்சியதை நேற்றே அவரிடம் கொடுத்தாயிற்று. இன்னும் பதினொரு சாமான் வேண்டும்.

மயக்கம் தெளிந்து ஒரு நாள்தான் ஆகிறது. எழுந்து உட்காரவும் முடியாத அந்தப் பெண் பக்கத்துக் கட்டிலுக்காகக் கேட்கிறாள். எனக்குப் புல்லரித்துப் போனது. முப்பது வருடமாக நான் கோபித்துக்கொண்டு வெளியேறிய கூட்டங்களெல்லாம் நினைவுக்கு வந்து வெட்கமாகவும் இருந்தது.

தங்கை போனை அந்தப் பக்கம் திருப்பினாள். ஆசிரியை படத்துக்காகத் தலை வாரியிருந்தார். ஒரு தாளைப் பிடித்து, வகுப்பில் பெயர் கூப்பிடுவது போல் ஒவ்வொன்றாக வாசித்தார். எனக்கு அவருடைய மொழி தெரியாது. ஆனாலும் பாதிப் பெயர்கள் எங்கள் பெட்டிகளில் அச்சடித்த பெயர்கள்தான். எது எந்தத் தட்டில் இருக்கிறது என்று கேட்கும்போதே தெரிந்தது. முடியுமா என்று எஞ்சினியர் என்னைக் கேட்டார்.

சரி என்பதற்கு நாம் ஆட்டுகிற மாதிரி இரண்டு பக்கமும் தலையை ஆட்டினேன். திரையில் ஆசிரியையின் முகம் சுருங்கியது. தாளை மடிக்கத் தொடங்கினார்.

"தலையை ஆட்டாதேங்கோ. வாயைத் திறந்து சொல்லுங்கோ" என்று மனைவி என் விலாவில் இடித்தார்.

ஆம் என்பதற்கு அவர்கள் மொழியில் எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு சொல். நம் மொழியில் அதைச் சொல்லித்தான் ஆட்களை விரட்டுவோம். போனைக் கிட்டப் பிடித்து, "சீ, சீ, சீ" என்று சத்தமாகச் சொன்னேன்.

ஆசிரியை மடித்த தாளை விரித்தார். தங்கையிடம் ஒரு பேனாவை வாங்கி, இன்னும் கிடங்கை விட்டுப் புறப்படாத பதினொரு சாமானுக்கும் பக்கத்தில் ஒவ்வொன்றாகச் சரி போட்டார்.