வரி கட்ட மறுத்த இரண்டாமவள்

ஐராவதி ஆறு கடலுக்குப் போகிற வழியில் பல கிளைகளாகப் பிரியும் அந்தப் பகுதியில், படகுத்துறைத் தெருவில் சான் யீ, அரிசிச் சேவையில் மீன்குழம்பு ஊற்றித் தருகிற மொய்ங்கா விற்றுவந்தாள். கெளுத்தி மீனை அவித்து, முள் நீக்கி, வாழைத்தண்டும் வறுத்த அரிசி மாவும் சேர்த்து அவள் கொதிக்கவைக்கிற குழம்புக்காகவே அக்கரையிலிருந்து வருகிறவர்கள் வெறும் வயிற்றோடு படகேறுவார்கள். ஊரில் அவளை யாருக்கும் அவ்வளவாகப் பிடிக்காது. சிரிக்க மாட்டாள், கூடக் கொஞ்சம் குழம்பு கேட்டால் முறைப்பாள். ஆனால் அவள் கைப்பக்குவத்தைக் குறை சொன்னவர் கிடையாது. அது அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

எதிர்ச்சாரியில் தீடா கடை போட்டபோது சான் யீ அதை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. தீடா வயதில் இளையவள். கன்னம் நிறையத் தனகா மரப்பட்டைச் சாந்தைப் பூசிக்கொண்டு வருகிற போகிறவர்களை எல்லாம் வம்புக்கு இழுப்பாள். குழம்பில் மீனைத் தேடினால் வாழைத்தண்டுதான் அகப்படும். சான் யீயிடம் இடம் கிடைக்காதவர்கள்தான் அங்கே போனார்கள்.

பிறகு ஒரு தை மாதத்தில் படை ஆட்சியைப் பிடித்தது. தேர்தலில் ஜெயித்தவர்களைச் சிறையில் போட்டார்கள். மாலையானால் ஊரே வாசலுக்கு வந்து, கெட்ட ஆவியை விரட்டுகிற வழக்கப்படி, படையை எதிர்த்துச் சட்டி பானையைத் தட்டியது. சான் யீயும் தட்டினாள், இருக்கிறதிலேயே பெரிய பாத்திரத்தை எடுத்து, அது நெளியும் வரைக்கும்.

வரி கட்டுகிற காலம் வந்தபோது தெருவில் ஒரே பேச்சு. வேலைநிறுத்தத்தில் பள்ளிக்கூடத்தை விட்டு வந்திருந்த வாத்தியார் ஊ ஸேயா தினமும் சான் யீயின் கடையில்தான் சாப்பிடுவார். யாருக்கு ஓட்டுப் போட்டோமோ அவர்களுக்குத்தான் வரி, மற்றவர்கள் கேட்பதற்குப் பெயர் வேறு என்பது அவர் கட்சி. சான் யீயின் கணவன் கோ லுவின் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

"குப்பை வண்டி இன்னும் வருது வாத்தியாரே. தெருவிளக்கு எரியுது. அதுக்கெல்லாம் யாராவது காசு கொடுக்கணும்ல?"

"விளக்குக்குப் போற காசு எது, துப்பாக்கிக்குப் போற காசு எதுன்னு பிரிச்சு வாங்கிக்குவாங்களா லுவின்? ஒரே பெட்டிதான். நீ போடுற காசு உன் சொந்த ஜனங்க மேலயே தோட்டாவா திரும்பி வந்தா என்ன பண்ணுவே?"

கோ லுவினிடம் இருந்தது வாதம் இல்லை, பயம். சான் யீக்கும் அதே பயம்தான். கடையைப் பிடுங்கிக்கொண்டால் வேறு எதைச் செய்து பிழைப்பது? ஒரு மத்தியானம் கோ லுவின் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போய்க் கட்டிவிட்டு வந்தான். சின்ன ஊரில் சந்துக்கும் கண் உண்டு. அவன் வீடு திரும்புவதற்கு முன்பே சேதி தெருவுக்கு வந்துவிட்டது.

அதற்கு அடுத்த நாள் வரி அலுவலகத்து ஆட்கள் தீடாவின் கடைக்குப் போனார்கள். படகு வந்து நின்ற நேரம், அவள் கடையிலும் ஆள் இருந்தது. தீடா கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னாளாம்:

"ஓட்டு வாங்கினவங்க வந்து கேட்டா இந்த நிமிஷமே எடுத்துத் தரேன் அண்ணே. உங்களுக்கு நான் ஓட்டுப் போட்ட ஞாபகம் இல்லையே."

கடை சிரித்தது. வந்தவர்களில் ஒருவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான் என்றும் சொன்னார்கள். பொழுது சாய்வதற்குள் அந்தப் பேச்சு அக்கரைக்குப் போய், அக்கரையிலிருந்து அடுத்த ஊருக்கும் போய்விட்டது.

சான் யீயை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் அவளும் திட்டியிருப்பாள். அவர்கள் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போனார்கள், அவ்வளவுதான். வருஷக்கணக்காக அவள் கையால் சாப்பிட்டவர்கள், அவள் கடை வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு எதிர்க்கடைக்குப் போய் உட்கார்ந்தார்கள். ஊ ஸேயா மட்டும் வந்துகொண்டிருந்தார். கொள்கை வேறு, நாக்கு வேறு என்றார். அவரிடமும் அவள் எரிந்து விழுந்தாள்.

எதிர்க்கடையிலிருந்து வருகிற சிரிப்பு அவளுக்குக் காதில் ஈயமாக இறங்கியது. தீடாவின் தனகா, அவள் இடுப்பில் லுங்கியைப் போலச் சுற்றிக் கட்டுகிற பூப்போட்ட தமின், அவள் காலை ஆட்டிக்கொண்டு காசு வாங்குகிற விதம், எல்லாம் கண்ணில் குத்தின. நல்ல வேளை, குழம்பு இருக்கிறது என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். இத்தனை பேர் போகிறார்களே, ஒருவேளை தீடா சமையலில் தேறிவிட்டாளோ என்ற சந்தேகமும் வந்தது. துறையில் மூட்டை தூக்குகிறவனிடம் சொல்லி ஒரு பொட்டலம் வாங்கிவரச் செய்து, அடுப்படியில் நின்று வாயில் வைத்துப் பார்த்தாள். முன்னைவிட மோசம். மீன் வாசனைகூட இல்லை. சான் யீக்கு அழுகை வந்துவிட்டது. நல்லதாக இருந்திருந்தால் தாங்கியிருப்பாள். இந்தத் தண்ணீரைத்தானா ஊர் வரிசையில் நின்று குடிக்கிறது?

மழைக்காலத்தில் வரி அலுவலகத்து ஆட்கள் சிப்பாய்களோடு வந்து தீடாவின் கடையைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். பலகையைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தார்கள். சான் யீ திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தாள். தீடா மழையில் நனைந்துகொண்டு பாத்திரங்களை அடுக்கினாள்; உதவிக்கு ஒருத்தரும் துணிந்து வரவில்லை. சான் யீயின் நெஞ்சில் சட்டென்று ஒரு குளிர்ச்சி பரவியது. அது சந்தோஷம் என்று தெரிந்ததும் அவளுக்கே பயமாகிவிட்டது. உள்ளே போய் வெங்காயம் உரிக்கத் தொடங்கினாள்.

வாடிக்கை திரும்பி வந்தது. வந்தவர்கள் அவளுடைய குழம்பைக் குடித்துக்கொண்டே தீடாவைப் பற்றிப் பேசினார்கள். திறந்திருந்த கடையைவிட மூடிய கடை அவளை அதிகமாக வதைத்தது.

அதோடும் போகவில்லை. தீடா தன் மாமனுடைய சிறு படகை வாங்கி, துறைக்குக் கொஞ்சம் தள்ளி நாணல் ஓரத்தில் கட்டி, அதில் அடுப்பு வைத்தாள். கடையும் இல்லை, கதவிலக்கமும் இல்லை, யாரிடம் போய் வரி கேட்பது? கணுக்கால் புதைகிற சேற்றில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஜனங்கள் இறங்கிப் போனார்கள்.

"அந்தக் கழுநீருக்குச் சேத்துல வேற இறங்கணுமா?" என்றாள் சான் யீ கணவனிடம்.

"உனக்கு என்ன, நம்ம கடைலதான் ஆள் இருக்கே."

"நீங்க சும்மா இருங்க."

மறுவருஷம் வரிக்கு ஆள் வந்தான். போன வருஷம் முகத்தைத் திருப்பிச் சிரித்தவன் அவன்தான். சாதுவான ஆள், முன்பு சான் யீயின் கடையில் பெஞ்சியின் ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிடுவான். கோ லுவின் காசுப் பெட்டிப் பக்கம் போகத் திரும்பினான். சான் யீ கணவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவளுக்குத் தீடா சொன்னதைப் போல, அதைவிட நறுக்கென்று ஒன்று சொல்ல ஆசை. வருஷம் பூராவும் மனசுக்குள் எத்தனையோ செய்து வைத்திருந்தாள். அந்த நேரத்தில் ஒன்றும் வாயில் வரவில்லை.

"குழம்பு கொதிக்குது," என்றாள்.

"நான் காத்திருக்கேன் அக்கா."

"காத்திருக்க வேணாம். கட்டலை."

"போன வருஷம் கட்டினீங்களே அக்கா?"

"அதான் இந்த வருஷம் கட்டலை."

அவன் தாழ்ந்த குரலில், யோசித்துச் சொல்லுங்கள், நான் நாளைக்கு வருகிறேன் என்றான். நாளைக்கும் இதே குழம்புதான் கொதிக்கும் என்றாள் சான் யீ. கடையில் இருந்தது ஊ ஸேயாவும், காது கேளாத ஒரு வலைக்காரரும்தான். அவள் வாழ்க்கையிலேயே பெரிய காரியத்தைச் செய்த அன்று பார்த்துக் கடை காலி.

அவன் போன பிறகு கோ லுவின் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். நாட்டுக்காகவா செய்தாய் என்று கேட்டான். ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தாள். பொய் வரவில்லை. "அவ செஞ்சா, நான் செய்யக் கூடாதா?" என்றாள்.

சேதி பரவியது. எப்படிப் பரவியது என்பதுதான் விஷயம். 'தீடாவைப் பார்த்து சான் யீக்கும் புத்தி வந்துவிட்டது' என்றது ஊர். மீன்காரி அவள் தோளைத் தட்டி, எல்லாம் தீடா காட்டிய வழி என்று மெச்சினாள். அன்று சான் யீ மீன் வாங்காமலே வீட்டுக்கு வந்தாள்.

ஒரு வாரம் போவதற்குள் அவள் கடைக்கும் முத்திரை விழுந்தது. பெரிய பாத்திரங்களைத் தூக்கிப்போக இரண்டு கை போதவில்லை. அப்போது சேற்றுக் காலோடு ஓடிவந்து பாத்திரத்தின் மறுபக்கத்துக் காதைப் பிடித்தவள் தீடா. சிப்பாய்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தீடா அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு பேருமாகப் பாத்திரத்தை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனார்கள். மூச்சு வாங்க நாணல் ஓரத்தில் உட்கார்ந்தபோது தீடா சொன்னாள்:

"உங்களை நெனச்சா எனக்கு ஆச்சரியமா இருக்கு அக்கா. பெட்டியில காசை வெச்சுக்கிட்டே இல்லைன்னுட்டீங்களே."

"நீ மட்டும்?"

"என்கிட்ட எங்க இருந்துச்சு? அம்மாவுக்கு ஆஸ்பத்திரி, அதுல எல்லாம் போச்சு. மீன் வாங்கவே வழியில்லாமதான் வாழைத்தண்டா வெட்டிப் போட்டேன். அன்னிக்கு அவங்க வந்து நிக்கிறாங்க, கடை நிறைய ஆளு. காசு இல்லைன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன்."

சான் யீக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஒரு வருஷமாகத் தேடிய பொருள் காலடியில் வந்து விழுந்தாற்போல இருந்தது. பாவம் என்று தோன்றவில்லை. பிறகு தோன்றியது, அன்று தோன்றவில்லை.

அதைப் பத்திரமாக வைத்திருந்து, ஊ ஸேயாவைப் பார்த்ததும் சொல்லிவிட்டாள். உங்கள் வீராங்கனையிடம் அன்று கட்டக் காசே இல்லை, தெரியுமா என்றாள். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்தத் தெருவுல காசு இல்லாதவங்க நிறையப் பேர் இருந்தாங்க சான் யீ. அவங்கல்லாம் கந்துவட்டிக்கு வாங்கிக் கட்டினாங்க. இவ ஒருத்திதான் மாட்டேன்னா."



கோ லுவின் புலம்பிக்கொண்டேதான் ஒரு படகுக்கு ஏற்பாடு செய்தான். தீடாவின் படகுக்கு அடுத்தாற்போலக் கட்டிக்கொண்டார்கள். முதல் நாள் சான் யீக்குப் படகின் ஆட்டத்தில் பாதிக் குழம்பு ஆற்றோடு போனது. கால் ஊன்றப் பழக ஒரு மாதம் பிடித்தது. அதற்குள் தெருவில் வேறு சிலரும் வரி கட்டாமல் கடையை இழந்து கரைக்கு வந்தார்கள். பஜ்ஜிக்காரி ஒருத்தி, முடிவெட்டுகிறவர் ஒருவர். ரோந்துப் படகு தென்பட்டால் எல்லோரும் கயிற்றை அவிழ்த்து நாணலுக்குள் போய்விடுவார்கள். அது போன பின் திரும்பி வந்து அடுப்பை ஊதுவார்கள். நாலைந்து வருஷமாக இப்படித்தான் நடக்கிறது. சான் யீ அதற்குப் பிறகு ஒரு காசு வரி கட்டியதில்லை. கோ லுவினும் கட்டலாம் என்று சொல்வதை விட்டுவிட்டான்.

தீடாவின் கையில் இப்போது கொஞ்சம் காசு புரள்கிறது. குழம்பில் மீன் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனாலும் சான் யீயின் குழம்புக்கு அது உறைபோடக் காணாது. சேற்றில் இறங்கி வருகிறவர்கள் முதலில் போவது என்னவோ தீடாவின் படகுக்குத்தான். அங்கே உட்கார இடமில்லாமல் போனால், தீடா கரண்டியால் பக்கத்துப் படகைக் காட்டிக் குரல் கொடுப்பாள்.

"அக்காகிட்ட போங்க. என்னோடதைவிட அவங்க குழம்புதான் ருசி. நான் சொல்றேன், போங்க."

வந்தவர்கள் சான் யீயின் படகில் ஏறி, ஒரு வாய் குடித்துவிட்டு, தீடா சொன்னது சரிதான் என்பார்கள். சான் யீ கிண்ணத்தில் கொத்தமல்லியைத் தூவியபடி, யாருக்கும் கேட்காமல், தீடாவை வாய்க்குள் திட்டுவாள்.